ஏலகிரிக் காற்று

காற்று கெட்டால் வண்டி நொண்டும். இதுதான் சட்டம். எழுதியவர்கள் இன்னும் நீளமாக எழுதியிருந்தார்கள். வடசென்னையின் சாம்பல்மேட்டில் எங்களுக்குப் புரிந்தது இவ்வளவுதான்.

பெட்ரோல் வண்டி எதுவானாலும் இன்ஜினுக்குள் போகிற காற்றை அளக்க ஒரு சென்சார் இருக்கும். எவ்வளவு காற்று வருகிறது என்று அது சொன்னால்தான் எவ்வளவு பெட்ரோல் விடுவது என்று இன்ஜினுக்குத் தெரியும். காற்று ஆணையம் வந்த பிறகு அந்தச் சென்சாருக்குக் கூடுதலாக ஒரு வேலை கொடுத்தார்கள். உள்ளே வரும் காற்றில் தூசி எவ்வளவு, விஷப்புகை எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று பார்த்து அது ஆணையத்துக்கும் சொல்ல வேண்டும். லட்சக்கணக்கான வண்டிகள் ஊரைச் சுற்றி மோந்துகொண்டிருக்கும்போது தனியாகக் காற்றுமானிக் கம்பம் எதற்கு என்று சாலையோரக் கம்பங்களை எல்லாம் பிடுங்கிக்கொண்டு போனார்கள். நல்ல யோசனை என்றுதான் நானும் நினைத்தேன்.

எங்கள் டிரைவர்கள் அந்தச் சென்சாருக்கு மூக்கு என்று பெயர் வைத்தார்கள். மூக்குக்குக் காற்று பிடிக்கவில்லையென்றால் இன்ஜினின் இழுவை தானாகவே பாதி அளவுக்கும் கீழே இறங்கிவிடும். ஏற்கெனவே கெட்ட காற்றை வண்டிகள் மேலும் கெடுக்கக் கூடாதாம். சாம்பல்மேட்டைச் சுற்றி நிற்கிற புகைபோக்கிகளுக்கு ஒரு மூக்கு வைக்க வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

என் பெயர் பிலோமினா. ஆம்புலன்ஸில் நர்ஸ். தென்சென்னைக்குப் புது மின்சார ஆம்புலன்ஸ்கள் போயின. அங்கே ஓடிக் களைத்த பெட்ரோல் வண்டி எங்களுக்கு வந்தது. அவசர வண்டிக்காவது விலக்குக் கொடுங்கள் என்று எழுதிக் கேட்டோம். கோப்பு நகர்கிறது என்றார்கள். அது எங்கள் ஆம்புலன்ஸைவிட மெதுவாக நகர்ந்தது.

மூச்சுத்திணறல் எப்போது வரும்? காற்று கெட்ட நாளில்தான் வரும். வண்டி எப்போது நொண்டும்? அதே நாளில்தான். இந்தச் சின்னக் கணக்குகூடவா அவர்களுக்குத் தெரியவில்லை என்று நினைத்து நான் பல்லைக் கடித்த நாட்கள் உண்டு.

அப்படி ஒரு மத்தியானம் வண்டியில் ஏற்றியது எங்கள் டிரைவர் எத்திராஜின் மனைவி வேதவல்லியை. ரயில்வே கேட் பக்கம் ஆப்பக்கடை வைத்திருந்தவள். வாழ்க்கையில் ஒரு பீடியைக்கூடத் தொட்டதில்லை. ஆனால் அவளுடைய எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், சுரங்கத்தில் வேலை பார்த்தீர்களா என்று கேட்டார். வானம் மஞ்சளாகக் கிடந்த அந்த மத்தியானத்தில் எத்திராஜ் ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்துப் பார்த்தார். வண்டி மாட்டுவண்டி மாதிரி போனது. சைரன் அலற, ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்திக்கொண்டு போனார்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் வேதவல்லி முகமூடியை விலக்கிக்கொண்டு சொன்னது இது:

"யோவ், அந்த சைக்கிள் கேரியர்ல குந்திக்கினு வந்திருந்தா இன்னும் வெரசா வந்திருப்பேன்யா."

எத்திராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே போய்ச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் டில்லிபாபு. வேதவல்லியின் தம்பி, மேம்பாலத்துக்குக் கீழே மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவன்.

"மச்சான், அந்த மூக்கைப் புடுங்கி எறிஞ்சிடுடா."

"புடுங்கினா வண்டி ஸ்டார்ட்டே ஆவாது மாமா. புடுங்கக் கூடாது, ஏமாத்தணும்."

"எப்படி?"

"எவ்ளோ காத்து வருதுன்னு அது சொல்றது நெசமாவே இருக்கட்டும், அப்பதான் இன்ஜின் ஒழுங்கா ஓடும். எப்படிப்பட்ட காத்துன்னு சொல்லுது பாரு, அதை மட்டும் மாத்தணும். நல்ல காத்தை ஒருவாட்டி மோந்து பார்க்க வுட்டு, அதைப் பதிஞ்சி வச்சிக்கினு, ஒயர்ல ஒரு சின்னப் பொட்டி மாட்டி, அதையே திரும்பத் திரும்ப ஓட்டணும். மூக்கு இங்க கிடக்கும், வாசனை வேற ஊரு வாசனை."

"நல்ல காத்துக்கு எங்கடா போறது?"

டில்லிபாபு யோசித்தான். "டாக்டரும் அக்காவை எங்கனா மலைக்கு இட்டுக்கினு போன்னுதானே சொல்றாரு."

எனக்கு விடுமுறை கிடைத்த வாரத்தில் நாலு பேரும் ஏலகிரிக்குப் போனோம். மலை ஏறி வண்டியை விட்டு இறங்கியதும் வேதவல்லி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். "சிஸ்டர், இங்க காத்துக்கு ஒண்ணுமே ருசியில்லியே" என்றாள். ருசியில்லாத காற்றை அவள் அதுவரை குடித்ததில்லை.

டில்லிபாபு ஒரு பழைய சென்சாரைக் கையில் பிடித்திருந்தான். ஒரு முனையில் அளவுமானி, இன்னொரு முனையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி. மெக்கானிக்குகளிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்த மூக்கையும் நம்புவதற்கு முன் அதன்மேல் வாயால் ஊதிப் பார்ப்பார்கள். அளவுமானியின் முள் துள்ளினால் மூக்கு உயிரோடு இருக்கிறது, துள்ளவில்லையென்றால் குப்பைக்கு. அவனுக்கு இரண்டு கையிலும் ஒயர். குனிய முடியவில்லை.

"அக்கா, நீ ஒரு ஊது ஊதேன்."

வேதவல்லி உதட்டைக் குவித்து ஊதினாள். பாதியில் இருமல் வந்துவிட்டது. முள் ஒருமுறை நன்றாக எழும்பி, தயங்கி, இன்னொருமுறை சின்னதாகத் துள்ளியது.

"அய்யய்யே, இருமிட்டேன்டா. அதை அழிச்சிட்டு மறுபடி பண்ணு."

"இருக்கட்டும்க்கா. ஒவ்வொரு சுத்து ஆரம்பிக்கறப்பவும் இந்த ஊது வரும். பொட்டி வேலை செய்யுதான்னு பார்க்க எனக்கு அதுவே அடையாளம்."

"என் இருமலாடா உனக்கு அடையாளம்? தேறுவே நீ."

சில நிமிடக் காற்று, அவ்வளவுதான் பதிவு செய்தான். அந்தச் சில நிமிடத்தை வைத்துக்கொண்டுதான் இத்தனையும் நடந்தது.

ஆம்புலன்ஸில் அந்தப் பெட்டியை மாட்டிய பிறகு வண்டி பறந்தது. மஞ்சள் வானத்துக்குக் கீழே, கண் எரியும் புகையில், எங்கள் மூக்கு மட்டும் ஏலகிரியில் இருந்தது. அந்த மழைக்காலம் முடிவதற்குள் வேதவல்லியை மறுபடி மறுபடி ஏற்றிப் போக வேண்டி வந்தது. ஒவ்வொரு முறையும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். எத்தனையோ பேரைச் சேர்த்தோம். நான் கையில் ஜெபமாலை இல்லாமலே ஜெபம் சொல்லி டில்லிபாபுவை வாழ்த்தினேன்.

நல்ல விஷயத்தை வடசென்னையில் மூடி வைக்க முடியுமா? ஷேர் ஆட்டோக்காரர்கள் வந்தார்கள். தண்ணி லாரி வந்தது, மீன் வண்டி வந்தது, பள்ளிக்கூட வேன் வந்தது. அவர்கள் அதற்குத் தாயத்து என்று பெயர் வைத்தார்கள். ஷெட்டில் டில்லிபாபு தாயத்து கட்டிக்கொண்டே இருந்தான். கேட்டவர்களுக்கு எல்லாம் நியாயமான காரணம் இருந்தது. வண்டி நொண்டினால் அன்றைக்குப் பிழைப்பு நொண்டும். இல்லை என்று யாரிடம் சொல்வது?

ஆணையத்தின் காற்று வரைபடம் எல்லார் போனிலும் உண்டு. சாம்பல்மேடு அதில் எப்போதும் சிவப்பாகக் கிடக்கும். அது மெல்ல ஆரஞ்சாகி, மஞ்சளாகி, ஒரு நாள் காலையில் பச்சையாகிவிட்டது. ஷெட்டில் அதைப் பார்த்து எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். வேதவல்லிதான் அதிகம் சிரித்தாள். "ஏன்டா, அப்ப நான் மட்டும்தான் இங்க பொய்யா இருமிக்கினு கீறேனா?"

பிறகு சிரிப்பு நின்றது. கடற்கரைச் சாலையில் 'தூய காற்று வட்டம்' என்று அலங்கார வளைவு வைத்தார்கள். மந்திரி வந்து வெள்ளைப் புறா விட்டார். அதில் ஒன்று பறக்காமல் வளைவின்மேலேயே உட்கார்ந்துவிட்டது. எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைக்கு இன்னொரு புகைபோக்கி கட்ட அனுமதி கிடைத்தது. காற்றைப் பாருங்கள், எவ்வளவு சுத்தம் என்று அவர்கள் எங்கள் வண்டிகளையே சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். இங்கே ஓணான் நாங்கள்.

கடைசியில் அதிகாரிகள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். பச்சை வட்டத்துக்கு எதற்கு இவ்வளவு ஆக்சிஜன்? மூச்சுப் பிரிவை மூடிக் கட்டில்களையும் குழாய்களையும் தெற்கே கொண்டுபோனார்கள். எங்கள் வண்டியில் இருந்த பெரிய சிலிண்டரை எடுத்துக்கொண்டு குழந்தை கையில் வைத்து விளையாடுகிற அளவுக்கு ஒன்றைக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டதாக நானே கையெழுத்துப் போட்டேன்.

அன்று மாலையே டில்லிபாபு ஆம்புலன்ஸில் இருந்த தாயத்தைக் கழற்றினான். "நெசத்தைச் சொல்லட்டும்" என்றான்.

மூக்கு நிஜத்தைச் சொன்னது. வரைபடத்தில் எங்கள் வண்டி ஒரு சிவப்புப் புள்ளியாக எரிந்தது. கொஞ்ச நேரம்தான். பிறகு புள்ளி மறைந்தது, எத்திராஜின் போனில் ஒரு செய்தி வந்தது: உங்கள் வாகனத்தின் சென்சார் பழுதடைந்துள்ளது, உடனே மாற்றவும்.

"பழுதா?" என்றேன்.

எத்திராஜ் கசப்பாகச் சிரித்தார். "பின்ன இன்னா சிஸ்டர்? ஊர்ல இருக்கிற அத்தினி வண்டியும் மணக்குதுன்னு சொல்லச்சொல்ல, நம்ம வண்டி மட்டும் நாறுதுன்னா எவன் நம்புவான்?"

அப்படியானால் எல்லா வண்டியிலும் கழற்ற வேண்டும். டில்லிபாபு ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டான். யாரும் திட்டவில்லை. யாரும் மறுக்கவும் இல்லை. "எல்லார்துலயும் கழட்டிட்டு வாப்பா, கடைசில என்னுதுல கழட்டிக்கோ" என்றார் ஒருவர். அடுத்தவரும் அதையே சொன்னார். தண்ணி லாரிக்காரரும் அதையேதான் சொன்னார்.

அந்த வாரமே வேதவல்லிக்கு மூச்சு முட்டியது. பட்டப்பகல். ஆப்பக்கடையில் கல்லில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். அவளை வண்டியில் ஏற்றுவதற்குள் டில்லிபாபு ஓடி வந்தான்.

"கட்டுடா" என்றார் எத்திராஜ்.

"மாமா..."

"அப்புறம் நியாயம் பேசலாம். கட்டுடா மச்சான், என் கண்ணு இல்ல!"

கட்டினான். வண்டி சீறிக்கொண்டு கிளம்பியது. மூச்சுப் பிரிவு இருந்த எங்கள் ஆஸ்பத்திரியைத் தாண்டினோம். அங்கே நிற்பதில் பயனில்லை. தூய காற்று வளைவுக்கு அடியில் புகுந்து தெற்கே பறந்தோம். அந்தப் பொம்மைச் சிலிண்டர் துறைமுகத்தைத் தாண்டும் முன்பே தீர்ந்துவிட்டது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஏதாவது கேலியாகத்தான் இருக்கும். வரவில்லை.

டிரைவர் இருக்கைக்குப் பக்கத்தில் டில்லிபாபு ஒட்ட வைத்திருந்த அளவுமானி, பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கும் தெரியும். அவள் பிடி தளர்ந்த நேரத்தில் அந்த முள் எழும்பியது. தயங்கி, இன்னொருமுறை சின்னதாகத் துள்ளியது. ஏலகிரியில் அவள் ஊதிய ஊது. நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். சைரனை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் எத்திராஜ் அதே வேகத்தில் ஓட்டினார். அவ்வளவு சீக்கிரமாக அந்தச் சாலையை யாரும் கடந்திருக்க முடியாது.

காரியம் முடிந்த பிறகு எத்திராஜ் வேலைக்கு வந்தார். ஆனால் போனை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. வரைபடத்தில் எந்த வண்டியைத் தொட்டாலும் அதன் மூக்கு அனுப்புகிற கோடு ஓடும். அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாருங்க சிஸ்டர். மீன் வண்டி. இதோ ஊதுறா, இதோ இருமுறா. இது ஸ்கூல் வேன். இங்கயும் ஊதுறா. ஊரு பூரா மூச்சு விட்டுக்கினு கீறா."

அவர் தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

எல்லா வண்டியிலும் கழற்ற வேண்டும் என்று டில்லிபாபு மறுபடி ஆரம்பித்தபோது அவர் எரிந்து விழுந்தார். "எவனாவது தாயத்து மேல கை வச்சீங்க, கையை ஒடிச்சிடுவேன். அது என் பொண்டாட்டி மூச்சுடா."

"அது பொய் மூச்சு மாமா. அந்தப் பொய்தான் அவளைக் கொன்னுது. அதை மாட்டினதே நான்தான், தெரியுமா உனக்கு?"

டில்லிபாபு என்னைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு ஆணையத்துக்குப் போனான். ஜெயிலில் போட்டாலும் பரவாயில்லை, உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு கட்டியிருந்தான்.

குளிரூட்டிய அறையில் நிரஞ்சனா என்ற இளம் அதிகாரி எங்களை உட்கார வைத்தாள். நல்ல பெண். முழுக்கக் கேட்டாள். பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தன் திரையில் ஒரு கோட்டைப் பெரிதாக்கிக் காட்டினாள்.

"அண்ணா, இதைப் பார்த்திருக்கீங்களா? ஒரு பெரிய மேடு, ஒட்டினாப்பல ஒரு குட்டி மேடு. வடக்கே எல்லா வண்டியிலயும் வருது. அச்சு அசலா ஒரே மாதிரி. ஏதோ புது வகைத் தூசின்னு நினைச்சு நான் மாசக்கணக்கா ஆராய்ச்சி பண்ணிட்டிருக்கேன். இது என்னன்னு தெரியுமா?"

"எங்கக்கா" என்றான் டில்லிபாபு.

அவளுக்கு விளங்கவில்லை. அவன் ஏலகிரியைச் சொன்னான், ஊதியதைச் சொன்னான், இருமியதைச் சொன்னான். நிரஞ்சனா திரையில் அந்த மேட்டை விரலால் தடவிப் பார்த்தாள். அவள் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

"இது ஒண்ணு போதும் அண்ணா" என்றாள். "அத்தனை வண்டியும் ஒரே மூச்சை விடுதுன்னா வரைபடம் பொய்னு நிரூபிக்க வேற எதுவும் வேணாம். நான் மேல எடுத்துட்டுப் போறேன். உங்க பேர் வராமப் பார்த்துக்கறேன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் டில்லிபாபு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அழுதான். "செத்தும் காப்பாத்திட்டா சிஸ்டர்" என்றான். நானும் அப்படித்தான் நம்பினேன். அந்தச் சில வாரங்கள் சாம்பல்மேட்டில் நான் நிம்மதியாக இருந்த வாரங்கள்.

ஒரு காலையில் எத்திராஜ் எங்கள் ஆம்புலன்ஸை ஷெட்டுக்கு ஓட்டி வந்தார், நானும் கூட இருந்தேன். முகம் வெளிறியிருந்தது. போனை நீட்டினார்.

"வரமாட்டேங்கிறா மச்சான்."

மீன் வண்டியைத் தொட்டோம். கோடு நேராக ஓடியது. பள்ளிக்கூட வேனும் அப்படியே. எல்லா வண்டியிலும் தாயத்து கட்டினது கட்டினபடி இருந்தது, வரைபடம் முன்னைவிடப் பச்சையாக இருந்தது. மேடுகள் மட்டும் இல்லை. டில்லிபாபு நிரஞ்சனாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"மேல சொன்னேன் அண்ணா. எல்லாம் காட்டினேன். அப்ப இத்தனை மாச வரைபடமும் பொய்னு நாமளே சொல்லிக்கணுமான்னு கேட்டாங்க. எல்லா வண்டியிலயும் ஒரே மாதிரி வர்றது வெறும் இரைச்சல், வடிகட்டிடுன்னு உத்தரவு."

"வடிகட்டினது யாரும்மா?"

"நான்தான் அண்ணா. அதோட வடிவம் என்னைவிட யாருக்கும் நல்லாத் தெரியாதே."

டில்லிபாபு போனை வைத்தான். கோபப்படக்கூட அவனுக்குத் தெம்பில்லை. எத்திராஜ்தான் கருவிப் பெட்டியிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து அவன் கையில் திணித்தார்.

"கழட்டு. இனிமே அதுல இன்னா கீது? முதல்ல என்னுது. அப்புறம் ஒவ்வொருத்தன் கால்லயும் நானே வுழறேன்."

கழற்றினான். தாயத்தை எத்திராஜ் கையில் கொடுத்துவிட்டு, பழக்கத்தில் குனிந்து மூக்கின்மேல் ஊதிப் பார்த்தான். முள் துள்ளியது. மூடியை மூடினான். வரைபடத்தில் பச்சைக்கு நடுவே ஒரு சிவப்புப் புள்ளி எரிந்தது. மூன்று பேரும் அதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். பழுது என்ற செய்தி இன்னும் வரவில்லை. அதற்குள் என் போன் அடித்தது.

மீன் சந்தைக்குப் பின்னால் ஒரு வீடு. இரண்டு வயதுக் குழந்தை. உதடு நீலமாகிவிட்டதாம். அம்மா போனிலேயே கதறினாள்.

நான் போனைக் காதிலிருந்து எடுத்தேன். கதறல் அவர்களுக்கும் கேட்டது. வெளியே வானம் மஞ்சளாக இருந்தது. எத்திராஜ் தன் உள்ளங்கையில் இருந்த தாயத்தைப் பார்த்தார். பிறகு வரைபடத்தில் இருந்த அந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சொல்லுங்க சிஸ்டர் என்று அந்தக் கண்கள் கெஞ்சின. நான் பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன்.

டில்லிபாபு மூடியை மறுபடி திறந்தான்.

குழந்தையை ஏற்றிக்கொண்டு வளைவுக்கு அடியில் தெற்கே பறந்தோம். நான் அந்த மார்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு கையில் சின்ன சிலிண்டர், மறு கையில் போன். வரைபடத்தில் எங்கள் வண்டியின் கோடு நேராக, பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது. கடைசி வரை பார்த்தேன். அதில் ஒரு இருமல்கூட இல்லை.